கொலின் அடிக்காத பாட்டு

வெம்பிளியில் அந்த வீட்டுப் படியை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. முதுகில் என் பை. கையில் ஒரு வட்டப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு மேளம். சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்த குஜராத்திப் பெண், நான் தேடி வந்தவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய் ஒன்பது வருடம் என்றார். எங்கே போனார்கள் என்று தெரியாது. பெட்டியில் என்ன என்று கேட்டார். சொன்னேன். கதவைச் சாத்திவிட்டார்.

பரிஸில் நான் பழைய இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றில் சாமான் ஏற்றி இறக்குகிறேன். அங்கே பல வருடமாகத் தூசி படிந்து கிடந்த இந்த மேளத்தை, லண்டனில் இருக்கும் ஏட்ரியன் என்ற பாடகர் தேடிப்பிடித்து வாங்கினார். தனக்காக இல்லை. ஒரு காலத்தில் தன் இசைக்குழுவில் மேளம் அடித்த கொலின் என்பவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். மேளத்தோடு ஒரு கடிதம். இரண்டையும் கொலினின் கையில் கொடுத்து, அவர் சொல்லும் பதிலை ஏட்ரியனிடம் சேர்க்க வேண்டும். முதலாளிக்குத் தபாலில் நம்பிக்கை இல்லை. எனக்கு ஓரிடத்தில் இருக்கப் பிடிப்பதில்லை. இருவருக்கும் வசதியாகப் போயிற்று.

குழுவின் பெயர் காப்பர் லோண்ட்ரி. முதலாளி அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு அவர் ஒரு மெட்டை வாயால் முணுமுணுத்தார். மூன்று சுரம் படியிறங்கி, நாலாவது சட்டென்று மேலே ஏறும். நான் சாமானைக் கீழே வைத்துவிட்டேன். முன்பு லண்டனில் இருந்த ஐந்து வருடத்தில், நகரசபைக் கவுன்சிலுக்குப் போன் எடுத்தால் காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட பாட்டு அது. வீட்டு வாடகை, கூரை ஒழுக்கு, எலி என்று எல்லாத் துன்பத்துக்கும் அதைக் கேட்டபடி காத்திருந்திருக்கிறேன். அதைப் பாடிய மனிதருக்கே மேளம் தூக்கப்போகிறேன் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

வெம்பிளிப் பெரிய தெருவில் ஒரு தமிழ்க் கடைக்குள் ஒதுங்கினேன். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"உதென்ன அண்ணை, இடியப்பச் சட்டியோ?"

"மேளம்."

"ஆற்றை சாமத்திய வீடு?"

யாருடைய பூப்பு விழாவுக்கும் போகவில்லை, கொலின் என்ற வெள்ளைக்காரர் ஒருவரைத் தேடுவதாகச் சொன்னேன். லண்டனில் எத்தனை கொலின் என்று சிரிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மன்னார்ப் பிள்ளையைக் கட்டின கொலினோ? கோயிலிலை ட்ரம்ஸ் அடிக்கிறவர்? அவையள் எட்மண்டனுக்குப் போய்க் கனகாலம். பொறுங்கோ."

ஒரு போன் எடுத்தார். அங்கிருந்தவர் இன்னொருவருக்கு எடுத்தார். நான் ஒரு பிளேன் டீ குடித்து முடிப்பதற்குள் வீட்டிலக்கம் வந்துவிட்டது, வாசல் மணி வேலை செய்யாது, தட்ட வேண்டும் என்ற குறிப்போடு. காவல்துறையால்கூட அவ்வளவு விரைவாக ஆளைப் பிடிக்க முடியாது.

எட்மண்டன் பஸ் பாதிவழியில் நின்றது. பதிவு செய்யப்பட்ட பெண்குரல் ஒன்று, இந்தப் பேருந்து செல்லும் இடம் மாற்றப்பட்டுள்ளது என்று இனிமையாக அறிவித்தது. அறுபது பேரும் ஒரு சொல் பேசாமல் இறங்கி மழையில் வரிசையாக நின்றார்கள். கிளிநொச்சியில் என்றால் சாரதி அவ்வளவு சுலபமாக வீட்டுக்குப் போயிருக்கமாட்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஜமேக்கா நாட்டு அம்மா, பெட்டிக்குள் தொப்பியா என்று கேட்டார். மேளம் என்றேன். "அப்படியென்றால் வாசி மகனே. எல்லோரும் சும்மாதானே நிற்கிறோம்" என்றார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றபோது மிகவும் ஏமாந்துபோனார்.

நான் கதவைத் தட்டியபோது திறந்தவர் கொலினின் மனைவி ஜெசிந்தா அக்கா. அறுபது வயதிருக்கும். கையில் புட்டு மா. நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லி முடிக்கும் முன்பே உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"ஆர் ஜெசி? உள்ளை வரச் சொல்லன். ஐயோ, நனைஞ்சு போனாய் மோனை! தலையைத் துடை, தலையைத் துடை!"

ஆறடி உயரத்தில், நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரர் துவாயை நீட்டிக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். தமிழ் பேசும் வெள்ளைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். மன்னார்த் தாய்மார் பேசுவது போலத் தமிழ் பேசும் வெள்ளைக்காரரைப் பார்த்ததில்லை. ஆசுபத்திரித் துணி வெளுக்கும் ஆலையில், தமிழ்ப் பெண்களுக்கு நடுவே வேலை செய்து பழகிய தமிழ் அது. இப்போதும் அதே ஆலையின் வான் வண்டியில் ஆசுபத்திரிகளுக்குத் துணி ஏற்றி இறக்குகிறார்.

புட்டும் கணவாய்க் கறியும் தந்தார்கள். சாப்பிட்ட பிறகு மேசையைத் துடைத்துப் பெட்டியை வைத்தேன். திறந்ததும் கொலின் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டார்.

ஸ்னேர் என்பார்கள் அந்த மேளத்தை. அடித்தோலில் கம்பிகள் கட்டியிருக்கும், தட்டினால் சட்டென்று வெடிக்கும். அவர் அதைத் திருப்பினார். விளிம்பில் சிகரெட் சுட்ட தழும்பு ஒன்று இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். ஒரு திருகாணியை நகத்தால் இறுக்கிப் பார்த்தார். அப்போது ஒன்றைக் கவனித்தேன். எல்லையில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி அதைத் தட்டிப் பார்த்தார். பஸ் சாரதி தட்டினார். நானும் யாரும் பார்க்காத நேரத்தில் தட்டினேன். இந்த மனிதர் மட்டும் தட்டவில்லை.

கடிதத்தை ஆங்கிலத்தில் உரத்து வாசித்தார். சின்னக் கடிதம். வரும் புதன்கிழமை தொண்டையில் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு குரல் இருக்குமோ தெரியாது. ஞாயிறு மாலை கடைசி நிகழ்ச்சி. "ஒரே ஒரு பாட்டுக்கு வா. எந்தப் பாட்டு என்று உனக்குத் தெரியும். அடிக்கும்போது அதை நீ வெறுத்துக்கொண்டே அடிக்கலாம்."

கடிதத்தை மடித்தார். "ஏலாது" என்றார் தமிழில்.

ஜெசிந்தா அக்கா கையில் இருந்த கோப்பையைத் தொப்பென்று வைத்தார். "தம்பி, நீங்களே கேளுங்கோ இந்த விசர்க் கதையை. எங்கடை மகள் ஏழு மாசத்திலை பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிருந்தவை. நான் பயத்திலை, அந்தரத்திலை மடு மாதாவிட்டை நேர்ந்தன். பிள்ளை பிழைச்சால் இவர் இனிக் கோயிலிலை மட்டும்தான் மேளம் அடிப்பார் எண்டு. ஒரு மெழுகுதிரி எண்டு சொல்லியிருக்கலாம். வாயிலை அதுதான் வந்துது."

"அண்ணையைக் கேட்டிட்டோ நேர்ந்தனீங்கள்?"

"ஆர் கேட்டு நேருறது? நேர்ந்திட்டுச் சொன்னன். சரி எண்டார். அப்ப இவர் வேதக்காரனும் இல்லை, ஒண்டும் இல்லை. பிள்ளை இப்ப பிரிஸ்டலிலை பார்மசி வைச்சிருக்கிறாள். இவர் இன்னும் வெளியிலை ஒரு தகரத்திலைகூடத் தட்டுறேல்லை."

"நீ சொன்னாய். மாதா கேட்டா. பிள்ளை பிழைச்சுது" என்றார் கொலின். "பிறகென்ன கதை?"

நான் வியந்துபோனேன். எங்கள் ஆட்களில் மற்றவருக்காக நேராத தாய் கிடையாது. நேர்ந்துவிட்டுத் தள்ளிப்போடாத பிள்ளையும் கிடையாது. அம்மா எனக்காக நேர்ந்த காவடி ஒன்று இருபது வருடமாக முருகனிடம் நிலுவையில் நிற்கிறது. தூரம், வேலை, விசா என்று ஒவ்வொரு வருடமும் அவருக்குச் சமாதானம் சொல்லிவருகிறேன். இந்த மனிதர் தான் வைக்காத நேர்த்தியை ஒரு நாளும் தவறாமல் காப்பாற்றியிருக்கிறார்.

"கோயில் சாமியாரிட்டைக் கேட்டால் மாத்தித் தருவார். அஞ்சு பேருக்குச் சாப்பாடு குடுங்கோ, சரி எண்டுவார்" என்றார் அக்கா. "கேக்கமாட்டாராம். எனக்கெண்டால் இன்னொரு சந்தேகம் இருக்குத் தம்பி. இவர் என்ரை நேர்த்தியைத் தன்ரை கோபத்துக்குக் குடையாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

கொலின் மேளத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அன்று வரவேற்பறைச் சோபாவில் படுத்தேன். நல்ல சோபா. இதைவிட மோசமான கட்டில்களில் வாடகை கொடுத்துப் படுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பதிலைக் கொண்டு டூட்டிங் போனேன். ஏட்ரியன் அங்கேதான் இருக்கிறார். சுரங்க ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இருபது நிமிடம் நின்றது. அங்கேயும் யாரும் பேசவில்லை. ஒருவர் மட்டும் பெருமூச்சு விட்டார், மற்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் அதையும் நிறுத்திக்கொண்டார்.

ஏட்ரியன் வரச்சொன்னது அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு இலங்கைச் சாப்பாட்டுக் கடைக்கு. ஒல்லியான மனிதர், கழுத்தில் கம்பளிச் சால்வை. பரிமாறும் பெண் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "சொதி அங்கிள். எவ்ரி டே வருவார்." தொண்டை நோகாமல் இறங்குவது இடியப்பமும் காரமில்லாத தேங்காய்ப்பால் சொதியும்தான் என்று போன மாரிகாலத்தில் கண்டுபிடித்திருக்கிறார். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, கரண்டியால் கூழாக்கிச் சாப்பிட்டார். சத்தம் போட்டுப் பேசினால் வலி. அதனால் மேசைக்கு மேலே குனிந்து அவர் சொன்னதை நானும் குனிந்து கேட்டேன்.

இங்கிலாந்தின் வடக்கே ஆலைகள் மூடிய ஊர் ஒன்றில் வேலையில்லாத நாலு பையன்கள். கைவிடப்பட்ட ஒரு சலவைக்கூடத்துக்குள் பூட்டை உடைத்துப் புகுந்து ஒத்திகை பார்த்தார்கள். துணி அவிக்கும் பெரிய செம்புக் கொப்பரை ஒன்று அங்கே கிடந்தது. குழுவின் பெயர் அதிலிருந்து வந்தது. அப்போது பங்க் இசையின் முதல் ஆரவாரம் அடங்கிக்கொண்டிருந்த நேரம். கோபம் மிச்சம் இருந்தது, அதை எங்கே கொண்டுபோவது என்று யாருக்கும் தெரியவில்லை. இவர்கள் மெட்டே இல்லாத பாட்டுகள் செய்தார்கள். கிற்றார் கத்தி தீட்டுவது போல இருக்கும், கொலின் கொப்பரையையும் சேர்த்து அடிப்பார். நாற்பது பேர் வருவார்கள். பிடித்திருந்தால் துப்புவார்கள்.

"பிடித்திருந்தால் துப்புவார்களா?"

"அன்றைய மரியாதை அது" என்றார்.

இரண்டு இசைத்தட்டு வந்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன, யாரும் வாங்கவில்லை. பிறகு ஒரு மாரிகாலத்தில் ஏட்ரியனின் தாயார் இறந்துபோனார். துணி வெளுத்து இவரை வளர்த்தவர். சின்ன வயதில் ஈரத்துணியோடு இவர் அழுதால் அவர் சொல்வது ஒரே வசனம்: நாளைக்குக் காய்ந்துவிடும். விளையாட்டுச் சாமான் போன்ற மலிவான கீபோர்டு ஒன்றை வைத்து, அந்த வசனத்திலேயே ஒரு பாட்டுச் செய்தார். முதல்முறையாக மெட்டு வந்தது. வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

"கொலின் அதற்கு ஒரு தாளம் போட்டான். ஆறு அடி, தொட்டில் ஆட்டுவது போல. நடுவில் ஒரு அடியைத் தவறவிடுவான், வேண்டுமென்றே. கேட்பவன் அந்த இடத்தில் ஒரு கணம் விழுவான். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் அது பழுது என்றார்கள். பிஸ்கட் பெட்டி அளவில் ஒரு தாளமெஷின் கொண்டுவந்தார்கள். மெஷின் ஒரு அடியையும் தவறவிடாது. கொலின் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் மேளத்தை அப்படியே விட்டு, மேற்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்."

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பாட்டு எல்லா வானொலியிலும் ஏறியது. தொலைக்காட்சி, பளபளக்கும் சட்டை, தலைக்குப் பசை, மேலும் ஏழெட்டுப் பாட்டு. நாற்பது பேருக்குப் பாடியவர் விளையாட்டு மைதானங்களில் பாடினார். பிறகு மைதானம் மண்டபமாகி, மண்டபம் கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்களின் சாப்பாட்டறையாகிச் சுருங்கியது. துணி மென்மையாக்கும் திரவத்துக்கு விளம்பரமும் ஆனது அந்தப் பாட்டு. "என் அம்மாவுக்கு அது பிடித்திருக்கும்" என்றார். அதில் கசப்பு எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அப்போது கொலினின் பதிலைச் சொன்னேன். நேர்த்தி என்பதை ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாட்டை இங்கே எழுதவில்லை. யார் வாக்குக் கொடுத்தது? மனைவி. யாருக்கு? மன்னாரில் ஒரு காட்டுக்குள் இருக்கும் மாதாவுக்கு. ஏட்ரியன் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கடிதத்திலும் கேட்கவில்லை. மேளத்தை அனுப்பினால் புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். கோழைத்தனம்" என்றார். பிறகு, "அந்தக் கோயிலுக்குள் யாரும் போகலாமா?" என்றார்.

"போகலாம். நாளை மாலை வேஸ்பர், கோயில் திருவிழாவுக்கு முதல்நாள் பூசை என்று அக்கா சொன்னார். செருப்பும் கழற்ற வேண்டாம்."

அன்று மாலை, ஏட்ரியன் கோயிலுக்கு வரக்கூடும் என்பதை ஜெசிந்தா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் கறிவேப்பிலை உருவுவதை நிறுத்திவிட்டு, தானும் கொலினும் சந்தித்த கதையைச் சொன்னார். ஆலையில் ஈரவிரிப்பை உருளைக்குள் கொடுத்துக்கொண்டே வானொலியில் வந்த ஒரு பாட்டைப் பிழையான சொற்களோடு தினமும் பாடுவாராம். புதிதாக வந்த வெள்ளைக்காரன் திரும்பித் திரும்பிப் பார்ப்பானாம். "நான் வேறை மாதிரி நினைச்சிட்டன். அந்தாள் எரிச்சலிலை பார்த்திருக்கு. அது தன்ரை குழுவின்ரை பாட்டு எண்டு ஒரு வருசம் சொல்லேல்லைத் தம்பி. அதுக்கிடையிலை கலியாண எழுத்தும் முடிஞ்சுது."

சனிக்கிழமை மாலை. ஆங்கிலேயருடைய பழைய செங்கல் கோயில், அன்று முழுக்க நம்மவர்கள். பட்டுச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, மல்லிகைப்பூ, பின்பக்க மரவாங்குகளில் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கும் பிள்ளைகள். பாடகர் குழுவின் ஓரத்தில் கொலின் இருந்தார். முன்னால் நான் பரிஸிலிருந்து தூக்கி வந்த மேளம். கோயிலுக்குள் தடை இல்லையே. நான் சைவசமயக்காரன், எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்று தெரியாமல் கடைசி வாங்கில் இருந்தேன். பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஏட்ரியன் வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

மூன்றாவது பாட்டு மாதாவைப் பற்றியது. கீபோர்டு மெல்ல எடுத்தது. தாய்மார் நீட்டி இழுத்துப் பாடத் தொடங்கினார்கள். பிறகு மேளம் சேர்ந்தது. ஆறு அடி, தொட்டில் ஆட்டுவது போல. நடுவில் ஒரு இடத்தில் அடி விழவில்லை.

எனக்கு இசை தெரியாது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இடம்பெயர்ந்தோம், அதோடு படிப்பு முடிந்தது. ஆனால் அந்த இடத்தில் நான் விழுந்தேன். இருநூறு பேர் பாடும்போது, எல்லோருக்கும் காலடியில் ஒரு படி இல்லாமல் போய், மறுகணம் திரும்பி வந்தது. அங்கே இருந்த யாருக்கும் அது புதிதில்லை. எத்தனையோ வருடமாக அந்தத் தாளத்தில்தான் பாடி வருகிறார்கள்.

ஏட்ரியன் என் முழங்கையைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார். "அதுதான்" என்றார். "அதேதான்." பிறகு மிகத் தாழ்ந்த குரலில், மாதா பாட்டுக்கு அடியில், தன் மெட்டை முணுமுணுத்தார். மூன்று படி இறங்கி ஒன்று ஏறும் அந்த மெட்டு தமிழ்ப் பாட்டோடு ஓரிடத்திலும் முட்டவில்லை. உலகத்தில் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். 

பூசை முடிந்து வெளியே பிளாஸ்டிக் கோப்பையில் தேநீரும் மீன் ரோல்ஸும் கொடுத்தார்கள். கொலின் கையைத் துடைத்தபடி வந்து ஏட்ரியனுக்கு முன்னால் நின்றார். அக்கா என் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"இரண்டாவது சரணத்தில் வேகத்தைக் குறைக்கிறாய்" என்றார் ஏட்ரியன்.

"அது தாய்மார் பாடும் வேகம். நீ வந்து அவர்களுக்குச் சொல்லிப் பார்" என்றார் கொலின்.

 பிறகு ஏட்ரியன் சொன்னார்: "அன்றைக்கு நான் தரையைப் பார்த்திருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு."

கொலின் தேநீரைக் குடித்து முடித்தார். "பாட்டு நல்ல பாட்டு. கூடாது என்று நான் சொன்னதே இல்லை."

"அன்றைக்கு அந்தப் பாட்டைச் சவர்க்காரம் என்று சொன்னாய்."

"சவர்க்காரம் இல்லாமல் சனம் இருக்க ஏலுமோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு, ஏட்ரியனுக்காக ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். "மேடையில் அடிக்கமாட்டேன், ஏட்ரியன். உன் மேல் கோபத்தில் இல்லை. இப்போது இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். கேட்க வருகிறேன்."

ஏட்ரியன் தலையாட்டினார். அக்கா அவர் கையில் ஒரு ரோல்ஸைத் திணித்தார். அவரால் விழுங்க முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏட்ரியன் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாகப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை திருவிழா, மாலை நிகழ்ச்சி. பழைய சினிமாக் கொட்டகை ஒன்று. வாசலில் கறுத்தக் கோட்டுப் போட்ட கிழட்டுக் கூட்டம், ஒருவருக்கொருவர் முழங்கால் வலியை விசாரித்தபடி நின்றது. ஒரு காலத்தில் துப்பியவர்கள் இவர்கள்தான். அக்கா திருவிழாச் சேலையோடே வந்திருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு மனிதர் அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

முதலில் பழைய பாட்டுகள். இரும்புக் கதவைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம். சின்ன வயதில் குண்டுவீச்சுக்கு ஒளிந்து பங்கருக்குள் இருந்து நான் கேட்ட சத்தங்களில் ஒழுங்கு இருந்ததில்லை. இதில் இருந்தது. பயத்தைப் பிடித்து நாலு பேர் தாளத்தில் கட்டி வைத்தது போல. பிறகு பளபளப்பான பாட்டுகள் வந்தன. ஒரே மனிதர்களின் கையிலிருந்து இரண்டும் வந்திருக்கின்றன என்பது எனக்குப் பெரும் ஆச்சரியம்.

கடைசிப் பாட்டுக்கு முன் அதுவரை மேளம் அடித்தவர் எழுந்து உள்ளே போனார். ஆசனம் வெறுமையாக இருந்தது. தாளமெஷினும் இல்லை. ஏட்ரியன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாட்டுக்கு அடிக்க வேண்டியவருக்கு வேறிடத்தில் நிரந்தர வேலை" என்றார். சனம் சிரித்தது. அவர் எங்கள் பக்கம் பார்த்தபடி பாடத் தொடங்கினார்.

மெல்லிய கீபோர்டும் குரலும் மட்டும். மேளம் வரவேண்டிய இடம் முழுக்கத் திறந்து கிடந்தது. கொலினின் கைகள் இரண்டும் தொடையை விட்டு எழும்பின. அக்கா திரும்பிப் பார்த்தார். சட்டென்று எழுந்து அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். விளையாட்டுப் பிடி இல்லை, உருளைக்குள் ஈரவிரிப்புக் கொடுத்துப் பழகிய கைகளின் பிடி. தான் வைத்த நேர்த்தியைத் தன் கையாலேயே காத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார். மேலே ஏறும் அந்த நாலாவது சுரத்தில் ஏட்ரியனின் குரல் உடைந்தது. கொட்டகை முழுவதும் அதை எடுத்துப் பாடியது. அக்காவும் பாடினார், பிழையான சொற்களோடு. கொலின் அழுதார். துடைக்கக் கை இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா விரல்களை உதறினார். "என்ரை கையெல்லாம் நோகுது. விட்டிருந்தால் அடிச்சிருப்பீர் என்ன?"

"கையை நீ பிடிச்சாய். காலைப் பிடிக்கேல்லையே" என்றார் கொலின்.

அக்கா அவரை வெறித்துப் பார்த்தார். "காலாலை அடிச்சனீரோ?"

"கொஞ்சம். கால் சேர்த்தியோ? நீ மாதாவிட்டை என்னெண்டு சொன்னனீ? கையெண்டோ, காலெண்டோ?"

"மேளம் எண்டுதான் சொன்னன்."

"அங்கை நிலம்தானே கிடந்தது."

அக்கா சிரித்த சிரிப்பில் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இவ்வளவு வருடத்தில் கொலின் மாதாவோடு பேரம் பேசியது அதுதான் முதல்தடவையாம்.

கொலினோடு வான் வண்டியில் போகும் உதவியாள் ஊரில் கல்யாணம் என்று ஆறு கிழமை லீவில் போயிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அவருக்குப் பதிலாக என்னை வரச்சொல்லிக் கொலின் கேட்டார். முன்பு இங்கே இருந்தபோது கிடைத்த வதிவிட உரிமை இன்னும் செல்லும். பரிஸ் முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

திங்கள் காலை ஐந்தரைக்கு ஆலையில் நின்றேன். நீராவியும் சவர்க்கார வாசமும். ஆள் உயரக் கம்பிக்கூண்டுகளில் வெள்ளை விரிப்புகள் மடித்து அடுக்கியிருந்தன, தள்ளிச் செல்லச் சில்லு வைத்த கூண்டுகள். எட்டுக் கூண்டுகளை வண்டியில் ஏற்றினோம். கொலின் வழியில் வானொலி போடவில்லை, நானும் கேட்கவில்லை. ஆசுபத்திரியின் பின்வாசலில் இறக்கியபோது அவர் ஒரு கூண்டை மட்டும் தனியாக ஓரத்துக்கு இழுத்தார்.

"இது நாலாம் மாடி மோனை. தொண்டை வார்ட். புதன்கிழமை அவனுக்கு அங்கைதான் கட்டில். ஒவ்வொண்டா விரிச்சுப் பார். கிழிஞ்சது, கறை பிடிச்சது, ஓரம் பிரிஞ்சது எல்லாத்தையும் எடுத்து மற்றக் கூண்டிலை போடு. இதுக்குள்ளை நல்லது மட்டும் இருக்கட்டும்."

எனக்குப் பக்கத்தில் இன்னொரு கூண்டை விட்டுவிட்டு, அவர் மற்றக் கூண்டுகளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் முதல் விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.